கள்ளிக்கும் ஓர் இரவு வேண்டும்: தொட்டியின் சூட்டை அளந்த ஓராண்டுக் குறிப்பு

ஒரே தாய்ச்செடியிலிருந்து பிரித்த இரண்டு கன்றுகள். ஒன்று அக்கா வீட்டில், இன்னொன்று என் வீட்டில். மாமிலேரியா ஹானியானா என்பது அதன் தாவரப் பெயர். மெக்சிகோவின் நடுப்பகுதியைச் சொந்த மண்ணாகக் கொண்ட கள்ளி. உருண்டை உடம்பு முழுவதும் நரைத்த தலைமுடி போல வெள்ளை இழைகள் படர்ந்திருக்கும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அக்காதான் கன்றுகளைப் பிரித்து, ஆளுக்கொன்றாக நட்டுக் கொடுத்தாள். அவளுடையது மூன்றாம் ஆண்டிலிருந்து தவறாமல் பூக்கிறது. உச்சியைச் சுற்றி, யாரோ கோத்து வைத்தது போல, ஊதா கலந்த இளஞ்சிவப்பு வளையம். என்னுடையது ஒருமுறைகூடப் பூத்ததில்லை.

பூக்காததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன குளிர்காலத்துக்கு முன் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் மனம் கலங்கியது. கீழே பந்து போலப் பருத்திருந்த உடம்பு மேலே போகப்போக ஒடுங்கி, உச்சியில் இரண்டு விரல் அகலத்துக்கு வந்திருந்தது. புது வளர்ச்சியில் முட்கள் தள்ளித்தள்ளி நின்றன. வெள்ளை இழைகளும் குறைவு. இடுக்குகளில் வெளிர்பச்சைத் தோல் தெரிந்தது. கள்ளி உயரமாவதைப் பார்த்து வளர்கிறது என்று இரண்டு ஆண்டுகளாக மகிழ்ந்திருந்தேன். அது வெளிச்சத்தைத் தேடி நீண்டுகொண்டிருந்திருக்கிறது.

மண் கலவை இரண்டு வீட்டிலும் ஒன்று. தண்ணீர் ஊற்றும் முறையும் அக்கா சொன்னதுதான். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவள் செடியைப் பார்த்தாள். அது இருந்த புத்தக அலமாரியில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அறையின் ஹீட்டரைப் பார்த்தாள்.

“உன் வீட்டில் இதற்கு இரவே வருவதில்லையே” என்றாள்.

அவள் செடி கண்ணாடி அடைத்த பால்கனியில் இருக்கிறது. அங்கே ஹீட்டர் கிடையாது. பகலில் வெயில் சுடும், இரவில் குளிர் இறங்கும். என் அறையில் பகலும் இரவும் ஒரே இதம். எனக்கு இதமானது செடிக்கும் இதமாக இருக்கும் என்று நம்பியிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் இந்தக் குறிப்பு தொடங்குகிறது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தமிழில் கள்ளி என்றால் பல செடிகள் வந்துவிடும். சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் ஒடித்தால் பால் வடியும் வேறொரு குடும்பம். சப்பாத்திக்கள்ளி நான் பேசும் குடும்பத்தைச் சேர்ந்தது. முள் கிளம்பும் இடத்தில் பஞ்சு மெத்தை போன்ற ஒரு சிறு புள்ளி இருந்தால் அது இந்தக் குடும்பம். கீழே வரும் கணக்கெல்லாம் இவற்றுக்குத்தான்.

முதல் வேலை, அளப்பது. சுவரில் ஏற்கெனவே ஒரு வெப்பமானி தொங்கியது; 23 டிகிரி செல்சியஸ் காட்டியது. ஆனால் செடி சுவரில் இல்லை. கம்பியின் முனையில் உணரி உள்ள ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கினேன். ஒரு நாளின் உச்ச வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளும் வகை. கள்ளி வளர்ப்பவருக்கு இந்த இரண்டு எண்களும் இல்லாமல் வேலை ஓடாது. நாம் வெப்பமானியைப் பார்க்கும் நேரமெல்லாம் நாம் விழித்திருக்கும் நேரம். செடிக்கு முக்கியமான நேரம் விடியலுக்குச் சற்று முன்னால் வருகிறது.

அலமாரியில் ஒரு வாரம் வைத்து அளந்தேன். பகல் உச்சம் 24, இரவுத் தாழ்வு 21. மூன்று டிகிரி வித்தியாசம். அக்கா சொன்னது அப்படியே எண்ணாக நின்றது.

அடுத்து ஜன்னல் மேடை. மதிய வெயில் நேராக விழும் இடம். முதல் நாளே 47 டிகிரி என்று காட்டியதும் பயந்துபோய்ச் செடியை அங்கே வைக்கும் எண்ணத்தையே விட்டுவிட இருந்தேன். பிறகுதான் புரிந்தது, உணரியின் கறுப்பு முனையில் வெயில் நேரடியாகப் பட்டிருக்கிறது. அது காற்றின் சூட்டைச் சொல்லவில்லை, தன் சூட்டைச் சொல்கிறது. வெள்ளை அட்டையைக் கூரை போல மடித்து, பக்கங்களில் காற்று புக வழி விட்டு, அதன் நிழலில் உணரியை வைத்தேன். 33 ஆனது. வெயிலில் வைத்த வெப்பமானியை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

இரவில் அதே மேடையில் 4 டிகிரி. எனக்கு வியப்பு. அறைக்குள் 21 இருக்கும்போது, அதே அறையின் ஜன்னல் மேடையில் 4! காரணம் திரைச்சீலை. இரவில் திரையை இழுத்து மூடும்போது, கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே ஒரு தனி அறை உருவாகிவிடுகிறது. அறையின் சூடு அங்கே எட்டுவதில்லை. கண்ணாடியோ வெளிக்குளிரை உள்ளே விடுகிறது. திரைக்கு இந்தப் பக்கம், ஒரு முழம் தள்ளி, 17 இருந்தது. செடியைத் திரைக்கு எந்தப் பக்கம் விடுகிறோம் என்பதிலேயே 13 டிகிரி வேறுபாடு.

பிறகு உணரியை மண்ணுக்குள் நட்டேன். இந்த அளவுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, ஜன்னல் வெயில். காற்று 33 ஐத் தொட்ட நாளில், தொட்டிச் சுவரை ஒட்டிய மண் 41 வரை போனது. உச்சத்தை எட்டிய நேரமும் வேறு. காற்று இரண்டு மணிக்கு உச்சத்தில் இருந்தது. மண் நான்கு மணிக்கு. இரவில் மண் மெதுவாக ஆறியது. ஆனால் தொட்டியின் அடிப்பாகம் மேடையின் கல்லைத் தொட்டுக்கொண்டிருந்ததால் விடியலில் அங்கே குளிர் அதிகம். நனைந்த மண் என்றால் வேர் இரவெல்லாம் குளிர்ந்த சேற்றில் நிற்கிறது என்று பொருள். கள்ளியைக் கொல்வது பெரும்பாலும் வெறும் குளிர் அல்ல. குளிரும் ஈரமும் சேர்ந்ததுதான். காய்ந்த மண்ணில் 7 டிகிரியைத் தாங்கும் செடி, நனைந்த மண்ணில் அதே 7 டிகிரியில் வேரழுகிப் போகும்.

இரவுக் குளிர் ஏன் வேண்டும் என்பதைத் தேடிப் படித்தேன். பெரும்பாலான செடிகள் பகலில் தம் நுண்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. கள்ளி அப்படிச் செய்தால் பாலைவன வெயிலில் இருக்கும் நீரெல்லாம் ஆவியாகிவிடும். அதனால் பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறக்கிறது. அப்போது உள்ளிழுத்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றித் திசுக்களில் சேர்த்துவைத்து, மறுநாள் வெளிச்சம் வந்ததும் அதிலிருந்து சர்க்கரை தயாரிக்கிறது. இதே வழக்கம் கொண்ட இன்னொரு செடி நமக்கு நன்கு தெரிந்த ரணகள்ளி. பெயரில் கள்ளி இருந்தாலும் அது வேறு குடும்பம். அதன் இலை காலையில் புளிக்கும், பொழுது ஏறஏறப் புளிப்பு போய்விடும் என்று பெஞ்சமின் ஹைன் என்ற தாவரவியலாளர் எழுதிய குறிப்பு 1815இல் வெளிவந்தது. இரவெல்லாம் சேர்த்த அமிலம் பகலில் செலவாவதை அவர் நாக்கால் அறிந்திருக்கிறார்.

இரவு சூடாக இருந்தால் துளைகள் சரியாகத் திறப்பதில்லை. திறந்தாலும் நீர் இழப்பு அதிகம். அதே சமயம் சுவாசம் மட்டும் நிற்காமல் நடந்து, சேமிப்பைக் கரைக்கிறது. என் அலமாரியில் சூடு இருந்தது, வெளிச்சம் போதவில்லை. சூடு செடியை வளரச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வளர்வதற்கான வெளிச்சமோ வரவில்லை. அதனால்தான் அந்த ஒடுங்கிய கழுத்து. வெளிச்சம் குறையும் பருவத்தில் சூட்டையும் குறைத்துவிட்டால் செடி வளராமல் உறங்கும், நீளாது. இந்தப் பருவத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 7 முதல் 13 டிகிரி. வளரும் பருவத்தில் பகலில் 20 முதல் 30 வரை, இரவில் அதைவிட நன்றாகக் குறைவு.

வீட்டில் அப்படி ஓர் இடம் இருந்தது. படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஒரு பெரிய ஜன்னல். ஹீட்டர் இல்லை, கதவை மூடினால் வீட்டுச் சூடு அங்கே போகாது, வெயில் நன்றாக விழும். நான்கு நாள் அளந்ததில் பகல் 19, இரவு 8. இத்தனை ஆண்டுகள் நாளுக்குப் பத்து முறை அந்த ஜன்னலைக் கடந்து போயிருக்கிறேன்.

உடனே தூக்கிக்கொண்டுபோய் வைத்துவிடவில்லை. முதலில் மண் காய வேண்டும். விரலால் தொட்டுப் பார்த்து மண்ணின் ஈரத்தைச் சொல்ல முடியாது; மேலே தூசியாக இருக்கும், அடியில் ஈரம் தேங்கியிருக்கும். தராசில் எடை போட்டேன். கடைசியாகத் தண்ணீர் ஊற்றிய அன்று தொட்டியோடு 1120 கிராம். ஒரு வாரத்தில் 1030. பிறகு 970, 935, 915. ஐந்தாம் வாரம் 910. வாரத்துக்கு ஐந்து கிராம்தான் குறைகிறது என்றால், போக வேண்டிய ஈரம் போய்விட்டது. இனிக் குறைவது பெரும்பாலும் செடியின் உடம்பு விடும் நீர். இந்த முறை எனக்கு அவ்வளவு பிடித்துப்போய், இப்போது எல்லாத் தொட்டிகளின் அடியிலும் காய்ந்த எடையை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

காயும் வாரங்களிலேயே படிப்படியாகக் குளிருக்கும் பழக்கினேன். அலமாரியிலிருந்து ஹீட்டருக்குத் தொலைவான மூலைக்கு. அங்கிருந்து நடையில் இருக்கும் சிறிய ஜன்னலுக்கு. கடைசியாகப் படிக்கட்டு ஜன்னலுக்கு. 21, 17, 13, 8 என்று இரவு வெப்பம் இறங்கியது. மெல்லக் குளிர்ந்தால் திசுக்களில் நீர் குறைந்து, கரைந்த சர்க்கரையின் செறிவு கூடி, குளிரைத் தாங்கும் திறன் ஏறுகிறது. ஒரே இரவில் 21இலிருந்து 8க்குத் தள்ளினால் செடிக்கு அந்த அவகாசம் கிடைக்காது.

அந்த ஒடுங்கிய உச்சிதான் எனக்குக் கவலையாக இருந்தது. பார்க் நோபல் என்ற தாவர அறிவியலாளர் 1980இல் சோனோரன் பாலைவனத்துத் தூண் கள்ளிகளைப் பற்றி எழுதிய ஆய்வில், உச்சியில் அடர்ந்திருக்கும் முள்ளும் பஞ்சும் குளிர் இரவுகளில் வளர்நுனியின் வெப்பம் அதிகமாக விழாமல் காப்பதை விளக்கியிருக்கிறார். என் செடியின் உச்சியில் அந்தப் போர்வை மெலிந்திருந்தது. அதனால் இந்த முதல் ஆண்டில் 6 டிகிரிக்குக் கீழே விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

மேடையில் செய்த வேலை எளியது. இரண்டு விரல் தடிமனுள்ள தெர்மோகோல் பலகையைத் தொட்டியைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி அடியில் போட்டேன். கல்லின் குளிர் நேராக வேருக்கு ஏறுவது நின்றது. விடியலில் அடிமண்ணின் வெப்பம் இரண்டு டிகிரி கூடியது. கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். செடியின் இழைகள் கண்ணாடியைத் தொட்டால், அங்கே வழியும் பனிநீர் இழைகளில் ஊறி உடம்பில் தேங்கும். ஜன்னல் சட்டத்தின் கீழ் விளிம்பில் ஒரு கோடாகக் காற்று கசிந்தது. ஊதுவத்தியின் புகையைப் பிடித்துப் பார்த்தபோது புகை உள்ளே சாய்ந்தது. ஒட்டும் நுரைப்பட்டையால் அடைத்தேன். அந்த ஒரு வேலையில் இரவுத் தாழ்வு 8இலிருந்து 9 ஆனது. மிகக் குளிர்ந்த இரவுகளுக்கு ஓர் அட்டைப் பெட்டியைத் தயாராக வைத்தேன். மாலையில் கவிழ்த்து, காலையில் எடுத்துவிட வேண்டும். மூன்று இரவுகள் தேவைப்பட்டது.

தொட்டிக்கு அடியில் சூடாக்கும் விரிப்பு போடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். விதை முளைக்க அது நல்ல கருவி. கள்ளி விதைகள் 20 முதல் 30 டிகிரியில் நன்றாக முளைக்கும். வெளிச்சம் குறைந்த பருவத்தில் வளர்ந்த செடியின் வேரைச் சூடாக்கினால் பழைய கதைதான் திரும்பும். மறுத்துவிட்டேன்.

இந்த ஆண்டில் நான் செய்த பெரிய தவறு இதற்கு அடுத்த வாரம் நடந்தது. மாமிலேரியா குளிரில் நன்றாக இருப்பதைப் பார்த்த துணிச்சலில், பக்கத்தில் இருந்த மெலோகாக்டஸையும் கொண்டுபோய் அதே ஜன்னலில் வைத்தேன். அதுவும் உருண்டை, அதுவும் முள், அதுவும் கள்ளி. என் சிந்தனை அவ்வளவுதான். மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் வாரம், மண்ணைத் தொடும் இடத்தில் ஒரு நாணய அளவு பழுப்பு. விரலால் அழுத்தினேன். மற்ற இடமெல்லாம் கல் போல இருக்க, அந்த இடம் மட்டும் விரலுக்கு இடம் கொடுத்தது. மறுநாள் அந்தப் பழுப்பு இரண்டு விலா எலும்புகள் போன்ற மடிப்புகளைத் தாண்டியிருந்தது.

தொட்டியிலிருந்து எடுத்து, கத்தியைச் சாராயத்தால் துடைத்து, அடியைக் குறுக்கே வெட்டினேன். வெள்ளையாக இருக்க வேண்டிய சதையின் நடுவே நரம்பு வளையம் முழுவதும் துருப்பிடித்த ஆணியின் நிறம். இன்னும் மேலே வெட்டினேன். அங்கும் அதே வளையம். நல்ல சதை வரும்வரை வெட்டிக்கொண்டே போனால் உச்சியில் இருக்கும் பஞ்சுத் தொப்பியே மிஞ்சும். மெலோகாக்டஸுக்கு அந்தத் தொப்பி வந்துவிட்டால் பச்சை உடம்பின் வளர்ச்சி நின்றுவிடும். அதன் பிறகு தொப்பி மட்டுமே வளர்ந்து, அதிலிருந்துதான் பூக்கள் வரும். தொப்பியை மட்டும் வைத்து அதை மீட்க வழியில்லை. எட்டு ஆண்டு வளர்ந்த செடி அது.

மெலோகாக்டஸ் இனங்கள் வெப்பமண்டலத்தவை. கரீபியத் தீவுகளிலும் பிரேசிலிலும் கடற்கரையை ஒட்டிய இடங்களில்கூட வளர்பவை. இரவு 15 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிர்காலத்திலும் மண் முற்றிலும் காய்ந்துவிடக் கூடாது. மறுபக்கம், ஆண்டிஸ் மலையின் உயரங்களில் வளரும் ரெபூட்டியா இனங்களுக்குக் குளிர்ந்த ஓய்வு இல்லாவிட்டால் பூவே இல்லை. இரண்டும் ஒரே கடைப் பலகையில் அடுத்தடுத்து இருக்கும். செடியின் பெயர் தெரியாமல் அதன் வெப்பநிலையை முடிவு செய்யக் கூடாது என்பதை அந்த உயிரின் விலையில் கற்றேன். பெயர் தெரியாத கள்ளி கையில் இருந்தால், இரவு 12 டிகிரிக்குக் கீழே விடாமல் காய்ந்த மண்ணில் வைத்து, முதலில் பெயரைக் கண்டுபிடியுங்கள்.

குளிர்காலத்தில் பூக்கும் ஸ்க்லும்பெர்கெரா என்ற தட்டையான கள்ளி இன்னும் வேறு ரகம். பிரேசிலின் மலைக்காடுகளில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளரும் செடி அது. 15 முதல் 20 டிகிரியும் மிதமான ஈரமும் நீண்ட இருட்டும் கேட்கும். மொட்டுவிட்ட பிறகு இடம் மாற்றினாலோ ஹீட்டர் காற்று பட்டாலோ மொட்டுகளை உதிர்த்துவிடும். பாலைவனக் கணக்கை அதன்மீது போட வேண்டாம்.

மாமிலேரியா படிக்கட்டு ஜன்னலில் பதினொரு வாரம் இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. எடை 910இலிருந்து 878 ஆனது. உடம்பு சற்றே சுருங்கி, அடியில் மெல்லிய வரிகள் விழுந்தன. தண்ணீர் ஊற்றக் கை துறுதுறுத்த நாட்கள் உண்டு. ஒருமுறை குவளையோடு போய் நின்றுவிட்டு, அக்காவுக்குப் போன் செய்தேன்.

“சுருங்கியிருக்கிறதா, மெதுமெதுவென்று இருக்கிறதா?” என்று கேட்டாள்.

“சுருக்கம்தான், அக்கா. அழுத்தினால் கெட்டியாக இருக்கிறது.”

“அப்படியானால் அது தூங்குகிறது. குவளையைக் கீழே வை.”

வைத்துவிட்டேன்.

பகல் நீண்டு, ஜன்னலில் பகல் வெப்பம் தொடர்ந்து 20ஐத் தாண்டத் தொடங்கிய வாரத்தில், உச்சிக்குச் சற்றுக் கீழே, வெள்ளை இழைகளுக்கு நடுவே ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. கடுகைவிடச் சிறிய புள்ளி. முதலில் சிவப்புச் சிலந்திப்பேனோ என்று பயந்து உருப்பெருக்கியை எடுத்தேன். பேன் என்றால் நகரும். நுண்ணிய வலை இருக்கும். இது நகரவில்லை. இரண்டு முள்மேடுகளுக்கு நடுவே இருந்த இடுக்கில், பஞ்சை விலக்கிக்கொண்டு கூரான நுனி ஒன்று எட்டிப்பார்த்தது. பக்கத்து இடுக்கில் இன்னொன்று. தொட்டியைத் திருப்பாமல் நான் சுற்றிவந்து எண்ணினேன். பதினொன்று.

உடனே நீர் பாய்ச்சிவிடவில்லை. மண்ணுக்குள் உணரியை வைத்து, காலை பத்து மணிக்கு மண் 15ஐத் தாண்டுகிறதா என்று பார்த்தேன். தொடர்ந்து ஐந்து நாள் தாண்டிய பிறகு, 40 மில்லிலிட்டர் மட்டும், காலையில், தொட்டி ஓரமாக. பத்து நாள் கழித்து அதைப் போல் இரு மடங்கு. அடிவரை நனையும்படி ஊற்றியது மூன்றாம் முறைதான். ஓய்வில் பல மெல்லிய வேர்கள் காய்ந்துபோயிருக்கும். புது வேர் வருமுன் நிறைய ஊற்றினால் குடிக்க ஆளில்லாமல் நீர் தேங்கும்.

பூத்தது. வளையம் முழுமையாக இல்லை; ஜன்னலைப் பார்த்த பக்கம் அரைவட்டம். அதற்கும் காரணம் உண்டு. மாமிலேரியா முந்தைய பருவத்தில் வளர்ந்த பகுதியின் இடுக்குகளில்தான் பூக்கும். என் செடியின் முந்தைய வளர்ச்சி அந்த நோஞ்சான் கழுத்து. அதிலிருந்து பதினொரு பூ வந்ததே பெரிது. வெயில் ஏறியதும் விரிந்து, மாலையில் மூடி, மறுநாள் மறுபடி விரிந்தன. அந்த நாட்களில் வீட்டில் எல்லோரும் படிக்கட்டில் நின்றுநின்று போனார்கள்.

ஒடுங்கிய கழுத்து இனிச் சரியாகாது. கள்ளியின் உடம்பில் எழுதியதை அழிக்க முடியாது. ஆனால் அதற்குமேல் வந்த புது வளர்ச்சி அகன்றது, முட்கள் நெருங்கின, வெள்ளை இழைகள் மறுபடி தோலை மூடின.

பூ முடிந்த கையோடு தொட்டியை மாற்றினேன். வெயிலில் அதிகம் சூடேறாத வெளிர்நிறப் பூச்சு கொண்ட தொட்டிகளும் உண்டு. நான் எடுத்தது பூச்சில்லாத சுட்ட மண்தொட்டி. மண் கலவையில் பாதிக்குமேல் நுரைக்கல்லும் பெருமணலும். மண்தொட்டியின் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக் கோடையில் வேரைக் குளிர்விக்கும்.

கோடையில் பிரச்சினை தலைகீழானது. மூடிய படிக்கட்டு ஜன்னலில் மதியம் நிழல் வெப்பமே 39. குளிருக்கு இவ்வளவு பாடுபட்டவன், கள்ளிதானே, வெயிலைத் தாங்கும் என்று விட்டிருந்தால் தவறாகியிருக்கும். திறந்த வெளியில் காற்று வீசும். சூட்டை அள்ளிக்கொண்டு போகும். கண்ணாடிக்குப் பின்னால் காற்று நிற்கிறது. பகலில் துளைகளை மூடியிருக்கும் கள்ளிக்கு, மற்ற செடிகளைப் போல நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வழியும் இல்லை. அதனால் அதன் உடம்பு சுற்றியுள்ள காற்றைவிடச் சூடேறும். வெயில் பக்கம் ஒரு விரல்நக அளவுக்குத் தோல் வெளுத்து, பிறகு தக்கை போலப் பழுப்பானது. அதுவும் மாறாத தழும்பு.

முதலில் உள்ளே ஒரு மெல்லிய வெள்ளைத் திரை போட்டேன். செடியின்மேல் விழும் வெயில் குறைந்தது. இடத்தின் வெப்பம் ஒரு டிகிரிதான் குறைந்தது. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட பிறகு திரையில் பட்டாலும் அந்தச் சூடு அறைக்குள்தானே இருக்கும்? அதே துணியை ஜன்னலுக்கு வெளியே கட்டினேன். 39 இருந்த இடம் 34 ஆனது. ஜன்னலின் மேல்பகுதியைத் திறந்துவைத்ததும் 32.

தொட்டிக்கு இன்னொரு ஏற்பாடு. இரண்டு விரல் பெரிதான மற்றொரு மண்தொட்டிக்குள் இதை இறக்கி, இடைவெளியைச் சும்மா விட்டேன். வெயில் வெளித்தொட்டியைச் சுடும், உள்தொட்டியை எட்டாது. வெளியே கை வைத்தால் சுட்ட மதியத்தில்கூட உள்ளே மண் 33ஐத் தாண்டவில்லை. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் 41 பார்த்தவனுக்கு அந்த எண் பெரிய நிம்மதி. இரவும் இறங்காமல் புழுங்கிய இரண்டு வாரங்களில் தண்ணீரைக் குறைத்துவிட்டேன். அப்படிப்பட்ட நாட்களில் செடி வளர்வதை நிறுத்திக்கொள்ளும். வளராத செடிக்கு ஊற்றும் நீர், சூடானாலும் குளிரானாலும், வேருக்குச் சுமைதான். ஊற்றியதையும் வெயில் தாழ்ந்த பிறகே ஊற்றினேன்.

இப்போது இரண்டாம் குளிர்காலம் நெருங்குகிறது. புதுத் தொட்டியோடு காய்ந்த எடை எவ்வளவு என்று இன்னும் தெரியாது; வாரவாரம் எழுதிக்கொண்டு வருகிறேன். முதல் வாரம் 1480, பிறகு 1375, இன்று காலை 1310. நேற்று இரவு நடையிலுள்ள சிறிய ஜன்னலில் தாழ்வு 14. நுரைப்பட்டை ஒரு மூலையில் உரிந்திருக்கிறது; அதை மாற்ற வேண்டும். அக்கா ஒரு மெலோகாக்டஸ் நாற்று கொடுத்திருக்கிறாள், இன்னும் தொப்பி வராத, கையளவுச் செடி. அது படிக்கட்டுப் பக்கமே போகாது. திரைக்கு இந்தப் பக்கம், 17 டிகிரி இருக்கும் அந்த இடத்தை அதற்கென்று ஒதுக்கி, தெர்மோகோல் பலகையை இன்று வெட்டிப் போட்டுவிட்டேன்.